பரீட்சைக்குப் படிக்கிறாள்

பகலில் நாவல் படிக்கிற மருமகளை எங்கள் பக்கத்தில் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் அரை மணி நேரத்துக்குள் நாலு தடவை கூப்பிட்டுவிடுவார்கள். பால் வைத்தாயே பார்த்தாயா, மாடியில் துணி கிடக்கிறதே, பாப்பா எதற்கு அழுகிறாள் என்று ஏதாவது வரும். அதே மருமகள் அதே புத்தகத்தை விரித்துக்கொண்டு "டி.ஆர்.பி.க்குப் படிக்கிறேன்" என்றால் வீட்டின் நடவடிக்கையே மாறிவிடும். டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், ஆங்கிலப் பாடத்துக்கு நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு நான் தயாரான காலத்தை நினைத்தால் முதலில் மனதில் வருவது இந்த மாற்றம்தான். அரசு வேலை, சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அப்புறம்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் என்றாலே இலக்கியம் அறிந்தவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். கைடை உருப்போடுகிறவர்கள், கவிதையை ஒரு மார்க் கேள்வியாக நறுக்குகிறவர்கள் என்று பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. இலக்கியத்தை அதற்காகவே படிக்க முடிவது சிலருக்கு வாய்க்கும். மேசையும் நேரமும் யார் கையிலிருந்தோ கேட்டு வாங்க வேண்டியவர்களுக்குப் பரீட்சை என்ற பெயர் தேவைப்படுகிறது. அந்தப் பெயரால் நான் படித்த புத்தகங்கள் பி.ஏ.விலும் எம்.ஏ.விலும் படித்தவற்றைவிட அதிகம்.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். திண்டுக்கல்லில் பி.ஏ. ஆங்கிலம், அதன்பின் அஞ்சல் வழியில் எம்.ஏ., பி.எட். முடித்த கையோடு கல்யாணம். ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரிக் காலத்தில் சீனியர் அக்காக்களிடமிருந்து கைமாறி வந்த நோட்ஸ்தான் எங்களுக்கு மூலநூல். மில்டனை யாரோ ஒருவர் கையெழுத்தில்தான் எனக்குத் தெரியும்.

நான் எழுதிய தேர்வில் 150 கேள்விகள். அவற்றில் 110 பாடத்திலிருந்தும் 30 கல்வியியலிலிருந்தும் 10 பொது அறிவிலிருந்தும் வந்தன. கல்வியியல் பகுதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதலியார் குழு 1952, கோத்தாரி குழு 1964, புளூம் வகுத்த ஆறு படிநிலைகள், பியாஜே, வைகாட்ஸ்கி என்று திரும்பத் திரும்பப் பார்த்தால் கைக்கு வந்துவிடும். கஷ்டம் அந்த 110-இல்தான். பாடத்திட்டம் சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், ரொமான்டிக் கவிஞர்கள், அமெரிக்க இலக்கியம், இந்திய ஆங்கில எழுத்து, மொழியியல், விமர்சனக் கோட்பாடு என்று பத்து அலகுகளுக்கு நீளும். ஏறக்குறைய 600 வருடத்து எழுத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, நான்கு விடைகளில் ஒன்றைச் சில நொடிகளில் தொட வேண்டும்.

சாசரிலிருந்தே ஆரம்பித்தேன். அது தை மாதம். எங்கள் தெரு முனையிலிருந்து பார்த்தால் பழனிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம் தெரியும். நத்தம் வழியாக வருகிறவர்கள் திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் நடந்துகொண்டே இருப்பார்கள். காவடி தூக்கியவர், காலில் துணி சுற்றியவர், செல்போனில் பேரம் பேசிக்கொண்டே நடக்கிற வியாபாரி, பேத்தியின் தோளைப் பிடித்த பாட்டி, முன்னால் போய் இடம் பிடிக்கிற இளவட்டங்கள். கேன்டர்பரிக்குக் கிளம்பிய சாசரின் 29 யாத்ரீகர்களை மனப்பாடம் செய்ய நான் பட்ட பாடு அந்த வாரத்தோடு முடிந்தது. ஒவ்வொருவரையும் எங்கள் சாலையில் நடக்கவிட்டேன். சதர்க்கில் இருந்த டபார்ட் விடுதிக்குப் பதில் புறவழிச்சாலை அன்னதானப் பந்தல். ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் மெலிந்த குதிரை, நல்ல உடுப்பைவிடக் கட்டில் தலைமாட்டில் 20 புத்தகம் இருந்தால் போதும் என்ற அவனுடைய ஆசை, பாத் நகரத்துப் பெண்ணின் சிவப்புக் காலுறை, அவளுடைய ஒரு காது மந்தம் எல்லாம் தானாகவே நினைவில் தங்கின. பக்தியோடு சேர்ந்தே வியாபாரமும் வம்பும் காதலும் நடப்பதை அந்த மனிதர் 14-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்து, யாரையும் வெறுக்காமல் எழுதியிருக்கிறாரே என்று வியந்தேன். அந்த வியப்புக்குத் தேர்வில் மார்க் கிடையாதுதான். ஆனால் கேள்விக்கான விடைகளும் அதன் கூடவே வந்தன.

அத்தையிடம் கதை சொல்ல ஆரம்பித்ததும் அப்போதுதான். அத்தை என்றால் என் மாமியார், ஐந்தாவது வரை படித்தவர். சாயந்தரம் அவரைக்காய் நறுக்க உட்காரும்போது "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பார். முதலில் வேவு பார்க்கிற கேள்வியாக எனக்குப் பட்டது. பாத் நகரத்துப் பெண்ணுக்கு ஐந்து கல்யாணம் என்று சொன்னேன். அத்தை அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அஞ்சா? சாமி கும்பிடவா போறா அவ?"

"மூணு தடவை ஜெருசலேமே போய்ட்டு வந்தவ அத்தை."

"காசு இருந்திருக்கு. சொல்லு, சொல்லு."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் படித்ததைச் சாயந்தரம் தமிழில் ஒரு தடவை சொல்வதைப்போல மனதில் நிற்க வைக்கிற வழி வேறு இல்லை. கதையின் முடிச்சு எங்கே, யார் யாருக்கு உறவு, எந்த இடத்தில் திருப்பம் என்பதில் தடுமாறினால் அத்தை பிடித்துவிடுவார். ஹார்டியின் டெஸ், தன் கடந்த காலத்தையெல்லாம் எழுதி ஏஞ்சலின் கதவுக்கடியில் தள்ளிய கடிதம் கம்பளத்துக்குக் கீழே போய்விட்டது என்று நான் சொன்ன இரவில் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. "கையில குடுத்திருக்கணும். பொம்பள இப்படித்தான் கதவுக்கடியில தள்ளிட்டு நம்பிக்கிட்டிருப்பா" என்றார். 1891-இல் வந்த அந்த நாவலைப் பற்றி நான் பிறகு வாசித்த எந்த விமர்சனமும் அந்தக் கடிதத்தை அவ்வளவு கூர்மையாகத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட மைய நூலகம். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு தனி ஊர். குரூப் ஃபோர், காவலர் தேர்வு, வங்கித் தேர்வு, டி.ஆர்.பி. என்று யார் எதற்குப் படிக்கிறார் என்பதை மேசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எங்கள் மேசையில் நாங்கள் சிலர் ஆங்கிலக்காரர்கள். எல்லோருக்கும் மூத்தவர் நத்தத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அக்கா. எத்தனையோ வருடமாகத் தனியார் கல்லூரிகளில் விரிவுரையாளராக இருந்தவர். டெய்ச்சஸ் எழுதிய விமர்சன வரலாறும் ஏப்ரம்ஸின் கலைச்சொல் அகராதியும் அவருக்குப் பக்க எண்ணோடு தெரியும். எங்களில் பலர் பிரசாத்தின் அறிமுக நூலோடும் ஹட்சனின் சுருக்க வரலாற்றோடும் நின்றிருந்தோம். அக்காதான் மூலநூலுக்கு எங்களைத் தள்ளினார். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, பழைய நூல்களில் பெரும்பாலானவை கூட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று செல்போனில் இறக்கிக் காட்டியவரும் அவரே.

கைடுகள் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. எங்களிடம் புழங்கிய ஒரு கைடில் வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரைக்கு 1798 என்று போட்டிருந்தது. 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பு வந்த ஆண்டு அது. அதில் ஒரு சிறு அறிவிப்பு மட்டுமே இருந்தது, முன்னுரை 1800 பதிப்பில்தான் சேர்ந்தது, 1802-இல் அதையே விரித்து எழுதினார். 'பாரடைஸ் லாஸ்ட்' எத்தனை காண்டம் என்றால் 12 என்று ஒப்பிக்கிறோம். 1667-இல் முதலில் வந்தபோது 10, 1674-இல்தான் 12 ஆனது. கேள்வி தயாரிக்கிறவர் இந்த இடுக்கில்தான் கை வைப்பார் என்பார் அக்கா. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த விதத்தில் அது வெறும் இடுக்காக இருக்காது. கண் பார்வை போய், தான் நம்பிய அரசியலும் தோற்று, வாயால் சொல்லி எழுத வைத்த ஒரு மனிதர், சாகிற வருடத்தில் மறுபடி அந்தக் காவியத்தை எடுத்து எங்கே பிரிப்பது என்று யோசித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் 1674-ஐ எழுதச் சொல்வார். அதன்பிறகு மறக்குமா?

ஆண்டுகளுக்கென்று மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தை ஒட்டிப் பெரிய தாள் ஒன்று தயாரித்தோம். ஒரு ஓரத்தில் அரசர்கள், நடுவில் எழுத்தாளர்கள், இன்னொரு ஓரத்தில் நூல்கள். ரொமான்டிக் காலத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. பைரன் பிறந்தது 1788, ஷெல்லி 1792, கீட்ஸ் 1795. இறப்பு வரிசையை எழுதினால் அப்படியே தலைகீழ். கடைசியில் பிறந்த கீட்ஸ் 1821-இல் ரோமில் காசநோயில் முதலில் போகிறார். அவருக்கு 25 வயது. அவருக்காக 'அடோனைஸ்' என்ற இரங்கற்பா எழுதிய ஷெல்லி மறு வருடமே இத்தாலியக் கடலில் மூழ்குகிறார். கரை ஒதுங்கிய உடலின் சட்டைப் பையில் கீட்ஸின் கவிதைப் புத்தகம் இருந்தது. பைரன் 1824-இல் கிரேக்கத்தின் மிசலோங்கியில் காய்ச்சலில் இறக்கிறார், 36 வயதில். நினைவில் வைக்க வசதியான சூத்திரம் என்றுதான் எழுத ஆரம்பித்தோம். எழுதி முடித்தபோது யாருக்கும் அடுத்த கட்டத்துக்குப் போக மனம் வரவில்லை. மேசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வயதுகளில்தான் இருந்தோம். 25 வயதுப் பையன் ஒருவன் "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே அக்கா" என்றான்.

பக்கத்து மேசையில் தமிழ் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். ஒலியியலில் நாங்கள் திணறியதைப் பார்த்துத் தானாகவே வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தின் 44 ஒலிகளில் மெய் 24, உயிர் 20, அந்த 20-இல் ஈருயிர் 8 என்று எண்ணிக்கை தெரியுமே தவிர, எந்த ஒலி வாய்க்குள் எங்கே பிறக்கிறது என்பது எங்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் படித்துக் காட்டினார். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை என்று மூன்று இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற உறுப்புகளில் பட்டு எழுத்தாகிறது என்பதை, வாயில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்த ஆசிரியன் எழுதியதுபோல வரிசையாகச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு டேனியல் ஜோன்ஸின் உயிரொலிப் படத்தைப் பார்த்தால் நாக்கு எங்கே எழுகிறது என்பது எனக்கே தெரிந்தது. தமிழ் வழியில் படித்ததை ஒரு குறையாகவே அதுவரை கேட்டு வளர்ந்தவள் நான். ஒன்பதாம் வகுப்புத் தமிழ் ஐயா நடத்திய எழுத்துகளின் பிறப்பு, ஆங்கில மொழியியலுக்குக் கதவு திறக்கும் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அந்த அலகு அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த அலகாகிவிட்டது.

அண்ணனோடு வேறொரு பரிமாற்றமும் இருந்தது. இந்திய ஆங்கில எழுத்து என்ற அலகில் ஆனந்தின் 'அன்டச்சபிள்', நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரண்ட்ஸ்' இரண்டும் 1935, ராஜா ராவின் 'காந்தபுரா' 1938 என்று போய்க்கொண்டிருக்கும்போது ஏ.கே. ராமானுஜன் வந்தார். 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' நூலகத்தில் கிடைக்கவில்லை. அக்கா யாரிடமிருந்தோ நகல் வாங்கி வந்தார். செம்புலப்பெயனீரார் பாடலை அண்ணன் தமிழில் சொல்ல, அக்கா ஆங்கிலத்தில் வாசித்தார். குரூப் ஃபோர் மேசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து நின்று கேட்டார்கள். நூலகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாடத்திட்டம் என்ற ஒரு தாள் இல்லாவிட்டால் அந்த மேசையில் அந்தப் பாட்டு ஒலித்திருக்காது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வீட்டில் எனக்குக் கிடைத்தது சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன அறை. அரிசி மூட்டையை நகர்த்தி, என் வீட்டுக்காரர் தன் கடையிலிருந்து பழைய மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். விடிகாலை நாலு மணியிலிருந்து பாப்பா எழுகிற வரை அது என் இடம். வர்ஜினியா வுல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலை அங்கேதான் படித்தேன். 1928-இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதிலிருந்து பிறந்து 1929-இல் வந்த புத்தகம். எழுத நினைக்கிற பெண்ணுக்குப் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும், ஆண்டுக்கு 500 பவுண்டு என்பது அவர் கணக்கு. கைடில் அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். அரிசி மூட்டை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது அப்படி முடிந்துவிடாது. ஜேன் ஆஸ்டின் சாட்டனில் எல்லோரும் வந்து போகிற பொதுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினார், கிறீச்சிடும் கதவைச் சரிசெய்ய விடவில்லை, ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் காகிதத்தை மறைத்துவிடலாம் என்பதற்காக. இதை அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. "சத்தம் போடாதீங்க, அவ பரீச்சைக்குப் படிக்கிறா" என்று அத்தை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

2019 செப்டம்பரில் தேர்வு. முந்தைய தடவைகளில் விடைத்தாளில் வட்டம் கருமையாக்கியவர்கள் அந்த வருடம் கணினி முன் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைச் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். அதை விவரிக்க எனக்கு ஆசையில்லை. எல்லாத் தேர்வு வாசலிலும் நடப்பதுதான்.

எனக்குக் கிடைத்தது. நத்தத்து அக்காவுக்குச் சில மார்க்கில் போனது. எங்கள் மேசையில் யாருக்காவது கிடைக்க வேண்டுமென்றால் அது அவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். என் விடைகளில் பாதி அவர் வாயிலிருந்து வந்தவை. சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான் போகும்போது எந்தெந்த நகல் எத்தனை வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். 2020 தொடக்கத்தில் நேரடி நியமனத்துக்கு வயது உச்சவரம்பு வந்தது, பொதுப்பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45. பின்னால் அதை உயர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அக்கா என்ன மனநிலையில் இருந்தார் என்பது போனில் பேசிய எனக்குத் தெரியும். அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில் வருடங்கள் ஓடுகின்றன, அந்த வருடங்கள் படிக்கிறவர்களின் வயதிலிருந்துதான் கழிகின்றன. ஆசிரியர் தேர்வு குறித்த நாட்காட்டி ஒன்றை முன்கூட்டிச் சொல்லி, சொன்ன மாதத்தில் நடத்தினாலே இவர்களுடைய வாழ்க்கையில் பாதிப் பாரம் இறங்கும். அக்கா இன்றும் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வருகிறார். புதிய பிள்ளைகளுக்குக் காலண்டர் தாளை ஒட்டிக் கொடுக்கிறார். நானும் முடிந்த வாரங்களில் போய் ஒலியியல் நடத்துகிறேன்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். விடைத்தாள் திருத்தினால் வீட்டில் எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நாவலை எடுத்தால் பழையபடி கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் சின்ன அறைக்குள் அரிசி மூட்டை திரும்பி வந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை, பரீட்சை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதைப் பேச்செடுத்தவர் அத்தை. ஒரு சாயந்தரம் காய் நறுக்கிக்கொண்டே, "அதுக்கு மேல பரீச்சை எதுவும் இல்லியா?" என்று கேட்டார். கல்லூரியில் பாடம் நடத்துவதற்கு நெட் என்று ஒன்று இருக்கிறது, தகுதித் தேர்வு என்றேன்.

"அப்ப அதுக்குப் படி."

விண்ணப்பித்தேன். ஆங்கிலத்துக்குப் பாடக் குறியீடு 30. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100. மேசை மறுபடி காலியானது. இப்போது ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' ஓடுகிறது. தினம் ஒரு அத்தியாயம் படித்து, சாயந்தரம் சொல்லிவிடுகிறேன். அழகும் அறிவும் உள்ள டொரோத்தியா, அந்த வயதான கசாபனை எதற்காகக் கட்டிக்கொண்டாள் என்பதில் எனக்கும் அத்தைக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. படித்தவர் என்று நம்பி ஏமாந்தாள் என்கிறேன் நான். அந்தப் புத்தக அறைக்கு ஆசைப்பட்டுத்தான் சரி என்றிருப்பாள் என்கிறார் அத்தை.